ராஜா வீடும் சாமி வீடும்

(செண்பகத்தோப்பில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தோழர்கள் கூடிய கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மலையும் ஓடையும் மாந்தோப்புமாய் இருக்கிற இந்த இடத்திற்கு வந்து அரண்மனையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் நம் இரண்டு ஊர்த் தோழர்களும் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்து வந்தோம். திரும்பி வரும்போது வண்டி முழுதும் ஒரே பேச்சு. "ராஜா என்றால் அவரல்லவா ராஜா! இன்றைக்கு இப்படி ஒன்று கட்ட எவனால் ஆகும்?" என்பதே அந்தப் பேச்சு. சுயமரியாதைக்காரர்கள் வாயிலிருந்தே இது வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எல்லாம் அந்த மீனாட்சி கடாட்சம்" என்று சொல்லி முடித்து வைத்தார். ராஜாவையும் கடாட்சத்தையும் ஒரே மூச்சில் சேர்த்தாரே, அதில் ஒரு உண்மை இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேசலாமென்று வந்திருக்கிறோம்.

முதலில் நாம் பார்த்தது என்ன? திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். மகால் 1636-ல் கட்டப்பட்டதென்று சொல்லுகிறார்கள். இன்று நிற்பது அதில் சுமார் நாலில் ஒரு பங்குதான். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரிய பாகங்கள் இருந்தன. நாம் காசு கொடுத்துப் பார்த்தது சொர்க்க விலாசம். ராஜாவின் தம்பி இருந்ததாகச் சொல்லப்படும் ரங்க விலாசத்தில் மிச்சம் பத்துத் தூண்கள். அவை ஒரு சந்திலே, ஜவுளிக் கடைகளுக்கு நடுவிலே, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்களைப்போல் நிற்கின்றன.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? இந்த நாட்டில் இடிந்த கட்டடம் எதைக் கண்டாலும், "அன்னிய மதத்தான் இடித்தான்" என்று சொல்லி, அதைக்கொண்டு ஒரு கலகத்துக்கு வழி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மகாலுக்கு வந்து கேட்டுப் பார்க்கட்டும். இதைப் பெயர்த்தவர் திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டவர், பாட்டன் கட்டினதைப் பிரித்துத் தன் அரண்மனைக்கு வண்டி வண்டியாகக் கொண்டு போனார். அங்கே மிஞ்சியிருக்கிற ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இப்பொழுது சர்க்கார் அருங்காட்சியகம் நடக்கிறது. பாட்டன் வீடும் காட்சிச்சாலை, பேரன் வீடும் காட்சிச்சாலை!

மதுரையில் இடிந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். பிறகு அங்கே ஜில்லா கோர்ட்டு நடந்தது. 1970 வரையில் நடந்தது. இப்போது மாநிலத் தொல்பொருள் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சீட்டு வாங்கினால் யாரும் போகலாம்.

"எவனால் கட்ட ஆகும்?" என்று கேட்டீர்களே, அதற்கு வருவோம். கட்டினவன் ராஜாவா? ராஜா ஒரு செங்கல் தூக்கியிருப்பாரா? 248 தூண்கள் என்கிறார்கள். மூன்று பேர் கைகோத்து நின்றாலும் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை. நம் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். அத்தனையும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து வேலை. அந்த வேலை செய்த கொத்தன் ஒருவன் பெயராவது எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இத்தாலி தேசத்துச் சிற்பி ஒருவர் வந்து கட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு. அவருக்கும் பெயர் கிடையாது. சீமையிலிருந்து வந்தவனாகவே இருந்தாலும் வேலைக்காரனானால் அவனுக்கும் நம் கொத்தனுக்கு ஆன கதிதான்! சாந்து வழவழப்பாய் இருப்பதற்கு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று. மஞ்சள் கருவாவது மண் சுமந்தவளின் பிள்ளைக்குப் போயிற்றா என்பதைத்தான் சொல்லுகிறவர்கள் இல்லை.

இத்தனை லட்சம் செங்கலுக்கு மண் ஏது? இதுதான் ருசியான சங்கதி. வண்டியூரில் மண் எடுத்தார்கள். மண் எடுத்த இடம் பெரும் பள்ளமாயிற்று. பள்ளத்துக்குக் கரை கட்டித் தண்ணீர் விட்டார்கள். அதுதான் மாரியம்மன் தெப்பக்குளம். தைப்பூசத்துக்கு அங்கே சாமிக்குத் தெப்பம் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அந்த மண்ணைத் தோண்டும்போது ஒரு பெரிய கல் பிள்ளையார் அகப்பட்டார் என்றும், அவரே மீனாட்சி கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்றும் கதை. நாம் சொல்லவில்லை, கோயில்காரர்களே சொல்லுகிற கதை. தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ராஜாவுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. செங்கல்லுக்கு மண் எடுத்த குழி தீர்த்தமாகிவிட்டது. குழியில் கிடந்த கல் கடவுளாகிவிட்டது. ராஜா வேறு ஊரில் மண் எடுத்திருந்தால் தீர்த்தம் அந்த ஊரில் உண்டாகியிருக்கும். அந்தப் பிள்ளையார் இன்றுவரை மண்ணுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பார். முக்குறுணி அரிசியும் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. மீனாட்சியம்மன் கல்யாணம் முன்னே மாசி மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. அழகர், தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். மாசியில் அறுவடைக் காலம். தேரிழுக்க ஆள் சேரவில்லை. திருமலை நாயக்கர் கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக்கி, மதுரையிலேயே நடக்கும்படி செய்தார். கடவுளின் கல்யாணத் தேதியை மனிதன் உத்தரவு போட்டு மாற்றினான்! கடவுள் ஆட்சேபணை செய்யவில்லை. ஆகமம் குறுக்கே வரவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இந்த ராஜாவுக்கும் சம்பந்தம் உண்டு. அவர் பேரால் ஒரு சிறு அரண்மனை நம் ஊரிலேயே இருக்கிறது. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்தது என்று தெரிந்த பிறகே அவர் மதுரையில் சாப்பிடுவார் என்றும், அதற்காக இங்கிருந்து மதுரை வரை வழி நெடுக மண்டபம் கட்டி, ஒன்றில் மணியடித்தால் அதைக் கேட்டு அடுத்ததில் அடிக்க, அப்படியே மதுரை வரையில் செய்தி போகும் என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிஜமோ பொய்யோ, கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து மைலுக்கு மேல் மண்டபத்துக்கு மண்டபம் ஆள் காத்திருக்க வேண்டும். எதற்கு? வெள்ளம் வருகிறது என்று குடிகளுக்குச் சொல்லவா? இல்லை, ஒருவர் சாப்பிடலாம் என்று சொல்ல. மணியடித்தவன் அன்றைக்கு எப்போது சாப்பிட்டான்? அதை எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. பக்தியிலே ராஜா பட்டினி கிடந்தார் என்று உருகுகிறோமே ஒழிய, ராஜாவின் பக்திக்காக மற்றவன் பட்டினி கிடந்திருப்பானே என்று நமக்குத் தோன்றுவதில்லை.

அவருடைய கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை வந்து ஜனங்களின் மூக்கை அறுத்துக்கொண்டு போனதும், பதிலுக்கு இங்கிருந்து போனவர்கள் அங்கே மூக்கறுத்ததும் சரித்திரத்தில் இருக்கிறது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். நம் ராஜாவின் மூக்கு பத்திரமாக இருந்தது.

மகாலின் நாடகசாலைக்குள் பழைய சிலைகளை வைத்திருக்கிறார்கள். நம்மோடு வந்த ஒரு பாட்டி ஒரு கல் சிலைக்கு முன்னால் கைகூப்பி நின்று, திருநீற்றுத் தட்டு எங்கே என்று தேடினார். தட்டு இல்லை. ஒரு சீட்டுத்தான் இருந்தது. இன்ன சாமி, இன்ன நூற்றாண்டு, இன்ன ஊரில் கிடைத்தது என்று போட்டிருந்தது. கூட இருந்த பேத்தி, "பாட்டி, இது சாமியா பொம்மையா?" என்று கேட்டாள். பாட்டிக்கு உடனே பதில் வரவில்லை. நமக்கும் பண்டிதர்களுக்கும் இத்தனை வருஷ வாதத்தில் அகப்படாத கேள்வி அது! அதே கல், அதே உளி வேலை. கோயிலுக்குள் இருந்தால் குளிப்பாட்டுகிறார்கள், உடுத்துகிறார்கள், தூங்க வைக்கிறார்கள். தொட்டால் தீட்டு. இங்கேயோ சிப்பந்தி தூசி தட்டித் துடைக்கிறார். அவர் என்ன ஜாதி என்று சாமியும் கேட்கவில்லை, சர்க்காரும் கேட்கவில்லை. கோயிலில் சாமிக்கு வயசு சொன்னால் பாவம், அனாதி என்பார்கள். காட்சிச்சாலையில் வயசு சொல்லாவிட்டால் அதிகாரிக்கு வேலை போய்விடும்.

கோர்ட்டு நடந்ததென்று சொன்னோமல்லவா? மகாலைப்பற்றி ஒரு திருடன் கதை உண்டு. கூரையில் துளை போட்டு இறங்கி ராஜாவின் நகைகளைத் திருடினான் ஒருவன். ஆளைப் பிடிக்க முடியவில்லை. நகையைக் கொண்டுவந்து கொடுத்தால் மானியம் தருகிறோம் என்று ராஜா பறை அறைவித்தார். நம்பி வந்தான். சொன்ன சொல் தவறாமல் மானியத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் தலையையும் வாங்கினார்களாம். இதை ராஜாவின் புத்திசாலித்தனம் என்று சொல்லிக் காட்டுகிறார்கள்! சாட்சியில்லை, விசாரணையில்லை, அப்பீல் இல்லை. அந்த மகாலிலேயே பின்னால் ஜட்ஜு உட்கார்ந்து, வாதி பிரதிவாதி இருவரையும் கேட்டுத் தீர்ப்பெழுதினார் என்றால் அது சாமானிய மாறுதல் அல்ல.

ஆனால், கோர்ட்டு வந்ததாலேயே நியாயம் வந்துவிட்டதா? நம் பக்கத்துக் கமுதியிலே 1897-ல் நாடார்கள் சிவன் கோயிலுக்குள் போனார்கள். கோயில் தர்மகர்த்தாவான இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். 1899-ல் தீர்ப்பாயிற்று. என்ன தீர்ப்பு? போனது தப்பு, தீட்டுக் கழிக்க 500 ரூபாய் கட்ட வேண்டும். ஐக்கோர்ட்டும் அதையே சொல்லிற்று. 1908-ல் சீமையிலே பிரிவி கவுன்சிலும் அதையே சொல்லிற்று. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்கிறார்கள். தீட்டு மாத்திரம் கடல் தாண்டிப் போய் லண்டனிலும் ஜெயித்து வந்தது! மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் முதலானவர்களை வைத்தியநாதய்யர் அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலை 8-ந் தேதி. அதாவது, ராஜா வீட்டுக்குள் எந்த ஜாதிக் கட்சிக்காரனும் வக்கீலோடு நுழைய முடிந்த பிறகும், சாமி வீட்டு வாசல் திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வெளி தேசங்களில் எப்படி என்று பாருங்கள். பிரான்சில் 1792 ஆகஸ்டு 10-ல் ஜனங்கள் ராஜாவைக் கீழே இறக்கினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1793 ஆகஸ்டு 10-ல் பாரிசில் லூவர் அரண்மனையைப் பொதுஜனக் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள். சீனாவில் கடைசிச் சக்கரவர்த்தியை 1924 நவம்பரில் பீகிங் அரண்மனையைவிட்டு வெளியேற்றினார்கள். 1925 அக்டோபர் 10-ல் அதைக் காட்சிச்சாலையாக்கினார்கள். சாமானியன் காலெடுத்து வைத்தால் தலை போகும் என்றிருந்த இடம் அது. நம் மதுரையிலேயே ராணி மங்கம்மாள் பேர் சொல்லும் தமுக்கம் அரண்மனை 1959-ல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. காந்தியாரைச் சுட்டபோது அவர் உடுத்தியிருந்த துணியை, இரத்தக் கறையோடு, அங்கே வைத்திருக்கிறார்கள். மதவெறி என்ன செய்யும் என்பதற்குப் பத்துப் பிரசங்கத்தைவிட அந்த ஒரு துணி போதும். ராணி கோடைக்கு ஒதுங்கிய வீட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் ஏது?

ஆனால் பேருக்குக் காட்சிச்சாலையாகி, ராஜா இன்னும் உள்ளேயே குடியிருக்கிற அரண்மனையும் உண்டு. கன்னியாகுமரி ஜில்லாவில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் ராஜாக்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குத் தலைநகரை மாற்றும் வரையில் அங்கே இருந்தார்கள். 1956 நவம்பர் 1-ல் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள சர்க்காரின் கையில் இருக்கிறது. மர வேலைப்பாடு உலகத்தில் எங்கும் காண முடியாதது என்பதில் சந்தேகமில்லை. அங்கே ஒரு ஊட்டுப்புரை இருக்கிறது. ஒரே சமயத்தில் 2000 பார்ப்பனர்கள் உட்கார்ந்து சாப்பிடக் கட்டினது. மார்த்தாண்ட வர்மா 1750-ல் ராஜ்யம் முழுவதையும் பத்மநாப சாமிக்குத் தானம் கொடுத்து, சாமியின் தாசனாகத் தான் ஆளுவதாகச் சொல்லிக்கொண்டார். தந்திரத்தைக் கவனித்தீர்களா? அதற்குப் பிறகு வரி கொடுக்க மாட்டேன் என்றால் அது ராஜத்துரோகம் மட்டுமல்ல, தெய்வத்துரோகம். அந்த ராஜ்யத்தில்தான் நம் தாய்மார்கள் மாரை மறைத்துத் துணி போடுவதற்குப் பல பத்து வருஷம் அடிபட்டு, 1859-ல் ஒரு உத்தரவு வாங்கினார்கள். அந்த ராஜ்யத்தில்தான் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் வைக்கத்தில் பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். ஊட்டுப்புரையைக் காட்டுகிற இடத்தில் இதையும் ஒரு பலகையில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

அது மாத்திரமல்ல. இன்றைக்கும் நவராத்திரிக்கு அங்கேயிருந்து சரசுவதி சிலை ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறது. அதற்குமுன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கிற சடங்கு நடக்கிறது. அதில் மந்திரிமார்களும் கலந்துகொள்ளுகிறார்கள். போலீசார் மரியாதை செய்கிறார்கள். ராஜாக்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை 1971-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி நிறுத்தினோம். பட்டம் போயிற்று, மானியம் போயிற்று, வாள் மாத்திரம் வருஷா வருஷம் கிளம்புகிறது. ஏன்? ராஜா பேரால் கிளம்பினால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். சாமியோடு கிளம்பினால் கேட்கமாட்டார்கள். அந்தப் பெரியவர் வண்டியில் சொன்ன கடாட்சம் இதுதான். ராஜாவுக்குச் சாமி காவல், சாமிக்கு ராஜா காவல். இரண்டில் ஒன்று காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. மற்றது?

நம் ஊர் வாசலுக்கே வருவோம். 2024 டிசம்பர் 15-ந் தேதி இசையமைப்பாளர் இளையராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்திருந்தார். பாசுரங்களுக்கு இசையமைத்தவர். ஜீயர்களோடு போனவர் அர்த்த மண்டபத்து வாசற்படியோடு நிற்கும்படியாயிற்று. அந்தப் படம் தேசமெல்லாம் பரவியது. அர்த்த மண்டபத்துக்குள் அர்ச்சகர்களையும் ஜீயர்களையும் தவிர வேறு யாரும் போகும் வழக்கமில்லை என்று அறநிலையத்துறை சமாதானம் சொல்லிற்று. இளையராஜாவோ, நடக்காததைப் பரப்புகிறார்கள், தாம் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவரல்ல என்று தெரிவித்துவிட்டார். சரி. அவருக்கு அவமானம் நடந்ததா இல்லையா என்கிற பஞ்சாயத்துக்கு நாம் வரவில்லை. துறையார் சொன்ன சமாதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் போக முடியாது, அர்ச்சகரும் ஜீயரும் மாத்திரம் போகலாம் என்றால், அந்த அர்ச்சகர் யார்? நம் மில் தொழிலாளி மகன் ஆகலாமா? இந்த மலையிலே குடியிருக்கிற பளியர் வீட்டுப் பிள்ளை ஆகலாமா?

ஆகலாம் என்று சட்டம் சொல்லுகிறது. 1970-ல் வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் செய்தார்கள். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ஆகமத்தையும் கூடவே ஒப்புக்கொண்டது. பெரியார் 1973 டிசம்பரில் மறையும் வரையில் இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே போனார். 2006-ல் சர்க்கார் உத்தரவு வந்தது. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்து மந்திரம் படித்துப் பாஸ் செய்தார்கள். பாஸ் செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டு 14-ல்தான் அவர்களில் 24 பேருக்கு ஒருசேர வேலை கிடைத்தது. அதற்குள்ளாகவே ஆகமக் கோயில் வேறு, ஆகமமில்லாத கோயில் வேறு என்று வழக்குக்குமேல் வழக்கு. சாமியின் கல்யாணத்தை மாசியிலிருந்து சித்திரைக்குத் தூக்கிப் போட்டபோது எங்கேயோ போயிருந்த ஆகமம், நம் பிள்ளை மணியைக் கையில் எடுத்தவுடன் ஓடிவந்து குறுக்கே நிற்கிறது!

"அப்படியானால் கோயிலையெல்லாம் மியூசியமாக்கச் சொல்லுகிறீர்களா?" என்று இங்கே ஒரு நண்பர் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கும்பிடுகிறவன் கும்பிடட்டும், தடுக்க நமக்கு அதிகாரமில்லை. நாம் கேட்பது வேறு. மகாலும் குடிகள் வரியில் கட்டினது, கோயிலும் குடிகள் வரியில் கட்டினது. செங்கல் சுமந்த தலை ஒன்றே. மகாலில் ராஜா சிம்மாசனம் போட்டிருந்த மண்டபம் வரையில் நம் வீட்டுப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். "இதுவரைக்கும் நீ வரலாம், இதற்குமேல் நீ யார்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் தூண் ஒன்றும் சாய்ந்துவிடவில்லை. கோயிலில் மாத்திரம் நாலு முழ இடத்தை ஒரு ஜாதிக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருப்பானேன்? இந்தக் காட்டில் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் என்று 1988-ல் உத்தரவு போட்டார்கள். அணிலுக்குக்கூடக் குறைந்துபோகிற இனம் என்று காரணம் சொல்லியாயிற்று. கருவறைக்கு என்ன காரணம்? சீட்டெழுதின நண்பர் அடுத்த கூட்டத்தில் மேடைக்கே வந்து பதில் சொல்லலாம். நேரம் ஒதுக்கச் சொல்லுகிறோம்.

பத்மநாபபுரம் போக வேண்டுமென்று பல தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் வண்டி ஏற்பாடாகிறது. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலிருந்து கிளம்ப வேண்டும். சென்ற தடவை ஆண்கள் பெயர் கொடுத்து இடம் நிரம்பிவிட்டதென்று இராஜபாளையத்துத் தாய்மார்கள் குறைப்பட்டார்கள். இந்தத் தடவை பெண்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ஊட்டுப்புரையைப் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு வருவது நல்லது.